கல்லைப் பொறுக்கியவரும் நிலத்தைப் பெற்றவரும்

'காடுவெட்டி' என்பது சிற்றரசர்கள் விரும்பிச் சூட்டிக்கொண்ட பட்டப்பெயர். 'பொறுக்கி' என்பது வசைச்சொல். இரண்டுமே நிலத்தைப் பயிருக்கு ஆயத்தம் செய்வதோடு தொடர்புடைய வினைகளிலிருந்து பிறந்தவை. காட்டை வெட்டியவன் பெயர் கல்வெட்டில் ஏறிற்று. வெட்டிய காட்டில் குனிந்து ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கிக் கூடையில் இட்டுச் சுமந்து வரப்போரம் கொட்டியவர்களின் பெயர் எங்கும் ஏறவில்லை. அவர்கள் செய்த வினை மட்டும் இழிசொல்லாக மொழியில் தங்கிவிட்டது. இது தற்செயல் என்று நான் கருதவில்லை.

கிராமத்து இளமை நினைவுகளை எழுதுவோர் அண்மைக் காலமாகக் கல் பொறுக்கிய அனுபவத்தையும் எழுதத் தொடங்கியுள்ளனர். உழவு முடிந்ததும் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் கொல்லைக்குச் சென்றது, யார் அதிகக் கூடை நிரப்புவது என்ற போட்டி, மாலையில் கிடைத்த வேர்க்கடலை உருண்டை. அவற்றில் பொய் இல்லை. ஆனால் அந்நினைவுகளை எழுதுவோரில் பெரும்பாலோருடைய குடும்பத்தில் அந்நிலம் இன்றும் இருக்கிறது, அல்லது விற்ற பணம் பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு வீடாக இருக்கிறது. தன் நிலத்தில் பொறுக்கிய கல் இனிய நினைவாகிறது. பிறர் நிலத்தில் பொறுக்கிய கல்லும், தன்னுடையதாக இருந்து பிறருடையதாகிவிட்ட நிலத்தில் பொறுக்கிய கல்லும் என்னவாகின்றன? வேளாண் வரலாற்றை ஆய்பவர்கள் இக்கேள்வியை இன்னும் கேட்கத் தொடங்கவில்லை என்பது என் குறை.

நான் கோரமண்டலைச் சேர்ந்தவன். கடற்கரையை நினைக்க வேண்டாம். இது கோலார் தங்கவயலுக்குள் உள்ள கோரமண்டல், பங்காருப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பம் செல்லும் கிளை இருப்புப்பாதையில் ஒரு நிலையம். வடாற்காடு, சித்தூர், சேலம் மாவட்டங்களின் மேட்டுநிலக் கிராமங்களிலிருந்து சுரங்கத்துக்கு வந்த, பெரும்பாலும் தலித் மக்களின் வழிவந்தவர்கள் நாங்கள். தங்கவயலைப் பற்றி எழுதப்பட்டவை குறைவல்ல. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வந்தது முதல், கைரேகைப் பதிவை எதிர்த்து 1930இல் நடந்த வேலைநிறுத்தம், 1946 நவம்பரில் ஆறு தொழிலாளர் உயிரிழந்த துப்பாக்கிச்சூடு, 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது வரை ஆவணம் உண்டு. ஜானகி நாயரின் 'மைனர்ஸ் அண்டு மில்ஹேண்ட்ஸ்' போன்ற நல்ல ஆய்வுகள் உண்டு. அயோத்திதாசரின் எழுத்துகளைப் பதிப்பித்த சித்தார்த்த புத்தகசாலை எங்கள் ஊரில் இருந்தது. பூமிக்குக் கீழே நடந்த உழைப்புக்கு, போதாது என்றாலும், சாட்சி இருக்கிறது. சுரங்கத்தைச் சுற்றியிருந்த கேழ்வரகுக் கொல்லைகளில் நடந்ததற்கு இல்லை.

கல் பொறுக்குதல் என்றால் என்ன என்பதை அறியாத மாணவர்கள் இதைப் படிக்கக்கூடும். எனவே சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

சித்திரை, வைகாசியில் பெய்யும் கோடை மழைக்குப் பின் முதல் உழவு. ஏர் கீழிருந்ததை மேலே புரட்டும். அடுத்த மழை புரட்டிய மண்ணைக் கழுவிக் கல்லைத் தனியே காட்டும். அந்த மழைக்கு மறுநாள் காலையில்தான் பொறுக்க வேண்டும். மண் ஈரமாக இருப்பதால் கல் எளிதில் பெயரும். வெயில் ஏறிவிட்டால் கல் கையைச் சுடும். பெண்களும் பிள்ளைகளும் ஒரு வரிசையாகக் குந்தி, குந்தியபடியே முன்னேறுவர். மூங்கில் கூடை, அல்லது இரும்புப் பாண்டு. தலையில் பழைய புடவைத் துணியைச் சுருட்டிய சும்மாடு. கல்லைப் புரட்டுவதற்கு ஒரு முறை உண்டு: அப்பக்க விளிம்பைப் பிடித்துத் தன் பக்கமாகப் புரட்ட வேண்டும், அடியில் தேள் இருந்தால் அது எதிர்ப்பக்கமாக ஓடும். எனக்கு எழுத்து கற்பிக்கப்படும் முன்பே கற்பிக்கப்பட்ட பாடம் இது. கைக்கு அடங்காத கல்லுக்குக் கடப்பாரை. கடப்பாரைக்கும் அசையாததன்மீது விறகை அடுக்கி எரித்து, கல் காய்ந்து சிவந்ததும் நீரை ஊற்றிப் பிளப்பர். அதற்கும் பிளக்காததைச் சுற்றி ஏர் ஓட்டுவர்.

எல்லாக் கல்லையும் பொறுக்குவதில்லை என்பதே இவ்வேலையின் அறிவு. கொழுவில் இடறும் கல்லை எடுக்க வேண்டும். வேர்க்கடலை விதைக்கப்போகும் பகுதி என்றால் விழுது இறங்கத் தடையாகும் சிறு கல்லையும் எடுக்க வேண்டும். கேழ்வரகுக்கும் கொள்ளுக்கும் விரல் நுனி அளவுள்ளதை விட்டுவிடலாம், விட்டுவிட வேண்டும். "எல்லாத்தையும் பொறுக்கிட்டா மண்ணு சீக்கிரம் காஞ்சிடும், மழைக்கு ஓடிடும்" என்பார் என் ஆயா. மேற்பரப்பில் கிடக்கும் சிறு கற்கள் நீராவியாதலைக் குறைக்கின்றன, மழைத்துளியின் தாக்குதலிலிருந்து மண்ணைக் காக்கின்றன என்று மண்ணியலாளர்கள் இன்று எழுதுகின்றனர். எந்தக் கொல்லையில் எந்த அளவுக்கு மேல் எடுக்க வேண்டும் என்ற முடிவை ஆண்டுதோறும் எடுத்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். இதை 'உடலுழைப்பு' என்ற ஒரே சொல்லால் அழைப்பது ஆய்வாளர்களின் சோம்பல்.

பொறுக்கினால் தீர்ந்துவிடுமா? தீராது. 'கல் முளைக்கிறது' என்று எங்கள் பகுதியில் கூறுவர். குளிர்நாடுகளில் நிலத்தடி நீர் உறைந்து விரிவதால் கல் மேலேறும். இங்கு உறைபனி இல்லை, காரணம் வேறு. ஆண்டுக்கு 700 மி.மீ.க்குச் சற்று மேற்பட்ட மழைதான் என்றாலும் அதில் பெரும்பகுதி சில நாள்களில் கொட்டித் தீர்க்கும். சரிவான செம்மண் நிலத்தில் நுண்மண் ஓடிவிடும், கல் நிற்கும். ஏர் ஒவ்வொரு முறையும் கீழிருந்து சிலவற்றைக் கொண்டுவரும். ஆகவே கல் பொறுக்குதல் ஒருமுறை செய்து முடிக்கும் பணியன்று. முதற்பத்து ஆண்டுகள் கடுமை. பிறகு ஒவ்வொரு உழவுக்கும் ஒரு நாள், இரண்டு நாள் என்று ஓயாமல் தொடர்வது.

அளவு தெரிய ஒரு கணக்குப் போடுவோம். ஒன்பது மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், நடுவில் 1.2 மீட்டர் உயரம் உள்ள, கூரைபோல் இருபுறமும் சரிந்த ஒரு கற்குவியல் என்று கொள்க. எங்கள் பகுதியில் இது பெரிய குவியல் அன்று. அதன் கன அளவு ஏறத்தாழ 16 கனமீட்டர். இடைவெளிகளைக் கழித்து, கனமீட்டருக்கு 1.6 டன் என்று கொண்டால் 26 டன். ஒரு கூடைக்கு 12 கிலோ என்றால் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கூடைகள். ஒரு பெண் நாளொன்றுக்கு நாற்பது கூடை பொறுக்கிச் சுமந்தாலும் ஐம்பத்து நான்கு நாள். ஒரு கொல்லையின் நான்கு ஓரங்களிலும் இவ்வாறு குவியல்கள் நிற்கும்.

இந்த நாள்களுக்குக் கூலி என்ன என்று ஆயாவிடம் கேட்டேன். ஆய்வுக்கான நேர்காணல் என்று முறையாகத் தொடங்கி, கேள்விப்பட்டியலோடு கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "கல்லு பொறக்கறத யாருப்பா வேலைன்னு சொன்னாங்க? அது வேலைக்கு முன்னாடி செய்யறது." பிறர் கொல்லையில் பொறுக்கினாலும் களையெடுப்புக்கும் அறுப்புக்கும்தான் கூலி பேசப்பட்டது. கல் அந்தக் கூலிக்குள் அடக்கம். பிள்ளைகளின் கைக்குக் கணக்கே இல்லை. உச்சிவேளையில் களி உண்டு, அவ்வளவே. 'வேலைக்கு முன்னாடி செய்வது' என்ற இந்த வகைப்பாடு எந்தக் கூலிப் பட்டியலிலும் இல்லாதது. ஆயினும் அதைச் செய்யாமல் பட்டியலில் உள்ள எந்த வேலையும் தொடங்க முடியாது.

இனிச் சுரங்கத்துக்கு வருகிறேன். எங்கள் கொல்லைகளில் அதிகம் கிடைப்பது வெங்கச்சங்கல். பால்போல் வெண்மையாக, உடைத்தால் கூர்முனையாக நின்று காலைக் கிழிப்பது. புவியியலார் குவார்ட்ஸ் என்பர். கோலார் படிவப்பாறைப் பட்டை வடக்கு தெற்காக ஏறத்தாழ 80 கி.மீ. நீண்டு, குறுக்கே சில கிலோமீட்டர் மட்டுமே விரிந்தது. அதனுள் ஓடும் வெங்கச்சங்கல் நாளங்களில்தான் தங்கம் இருந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் அந்த நாளத்தைத் துரத்திக்கொண்டு மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அதாவது, ஒரே இனக் கல்லை எங்கள் தாத்தாமார் பூமிக்கடியில் கூலிக்கு உடைத்து மேலே அனுப்பினர். எங்கள் பாட்டிமார் பூமிக்கு மேலே கூலியின்றிப் பொறுக்கி ஓரத்தில் எறிந்தனர்.

1802இல் மைசூர் எல்லையை அளக்க வந்த லெப்டினன்ட் ஜான் வாரன், மாரிக்குப்பத்தில் மக்கள் குழிகளில் இறங்கிக் கல்லைக் கூடைகளில் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றுவதையும், பெண்கள் அதைப் பாறைமீது வைத்து இடித்துத் தூளாக்குவதையும் பார்த்து எழுதிவைத்தார். இரு நூற்றாண்டுகளுக்கு முந்தைய அப்பெண்களின் கைகளை நாம் இன்று அறிவது அக்கல்லில் தங்கம் இருந்ததால்தான். அவர்களே உழவுக்காலத்தில் தங்கமில்லாத கல்லைக் கொல்லையில் பொறுக்கியிருப்பார்கள். அதை நின்று பார்க்க எந்த லெப்டினன்டுக்கும் காரணமில்லை.

குவியல்களிலும் இதே கதைதான். எங்கள் ஊரின் சயனைடு மேடுகளைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டப்பட்ட அரைத்தூள், மூன்று கோடி டன்னுக்கும் மேல். ஆடிக் காற்றில் அந்தத் தூள் வீடுகளுக்குள்ளும் கொல்லைகளுக்குள்ளும் வந்து இறங்கியது தனிக்கதை. அந்த மேடுகளில் எஞ்சியுள்ள தங்கத்துக்காக அவை அளக்கப்பட்டன. 13 மேடுகள், ஆயிரத்துச் சொச்சம் ஏக்கர் என்று கணக்கிடப்பட்டு, அவற்றை மீண்டும் சுரண்டியெடுக்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. கழிவாக இருந்தாலும் மதிப்பு உண்டென்றால் அளவும் உண்டு, ஆவணமும் உண்டு. கொல்லையோரக் கற்குவியலோ எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இன்று டிராக்டர் லோடு கணக்கில் வீட்டு அடித்தளத்துக்கு விற்கப்பட்டு மறைந்துகொண்டிருக்கிறது. அதை விற்பவர் பெரும்பாலும் பொறுக்கியவர் அல்லர்.

இது வெறும் நினைவேக்கமாக இருந்திருந்தால் இவ்வளவு நீட்டியிருக்க மாட்டேன். நிலச்சட்டத்தில் இதற்கு நேரடி விளைவு இருக்கிறது.

கர்நாடகத்தின் பஹணியைப் பார்த்தவர்களுக்கு 'கராபு' என்ற பத்தி தெரியும். ஒரு சர்வே எண்ணுக்குள் பாறை, மேடு, பள்ளம் என்று பயிரிட முடியாத பரப்பைக் கழித்துக் காட்டும் இடம் அது. கல் இருக்கும்போது அரசு அதை எழுதுகிறது, கழிவாக. கல் நீங்கியபின் அந்நிலம் 'சாகுபடி நிலம்' ஆகிவிடுகிறது. இவ்விரு நிலைகளுக்கும் இடையே நடந்தது எதையும் எழுத அந்தப் படிவத்தில் பத்தியே இல்லை. தமிழ்நாட்டுச் சிட்டாவிலும் அடங்கலிலும் நிலைமை வேறன்று: தரிசு என்று ஒரு சொல், புன்செய் என்று ஒரு சொல், நடுவில் ஒன்றுமில்லை.

தரிசை யாருக்குக் கொடுத்தார்கள் என்று பாருங்கள். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி எழுதிய அறிக்கையை அடுத்து, 1892 செப்டம்பர் 30இல் சென்னை மாகாண அரசு பிறப்பித்த 1010ஆம் எண் ஆணையின்படி ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். பன்னிரண்டு லட்சம் ஏக்கர் என்று பரவலாகக் குறிக்கப்படுகிறது. ஒதுக்கப்பட்டது ஏரிப்பாசன நன்செய் அன்று, பிறர் வேண்டாமென விட்ட தரிசு. எல்லைக்கு இப்புறம் மைசூரிலும் அரசு வழங்கியவை குன்றின் சரிவுகளும் கல்லாங்காடுகளுமே. இரு பக்கமும் நிபந்தனை ஒன்றுதான்: குறிப்பிட்ட காலத்துக்கு விற்கக்கூடாது, அல்லது இன்னாருக்கு மட்டுமே விற்கலாம். இரு பக்கமும் நேர்ந்ததும் ஒன்றுதான். கல் நீங்கி நிலம் நிலமானதும் அது கைமாறியது.

என் தாய்வழித் தாத்தாவுக்குப் பேத்தமங்கலத்துக்கு அப்பால் ஒரு குன்றின் அடிவாரத்தில் இரண்டு ஏக்கர் சாகுவளி சீட்டில் கிடைத்தது, மாநிலத்துக்கு மைசூர் என்ற பெயர் இருந்த காலத்தில். கீழ் ஏக்கரை ஆயாவும் அம்மாவும் சித்திமார்களும் பன்னிரண்டு ஆண்டுகள் பொறுக்கினர். பதின்மூன்றாம் ஆண்டு முதன்முறையாக அதில் வேர்க்கடலை விதைத்தனர். அதன்பின் சில ஆண்டுகளில் தாத்தாவுக்கு நுரையீரல் நோய் முற்றியபோது, அந்தக் கீழ் ஏக்கர் முத்திரைத்தாளில் ஒரு கைநாட்டோடு போயிற்று. வாங்கியவர் மேல் ஏக்கரைக் கேட்கவில்லை. கல் நிறைந்த நிலம் யாருக்கு வேண்டும்? சுரங்கம் மூடப்பட்டு அப்பாவுக்கு வேலை போனபின், பள்ளி விடுமுறைகளில் நானும் என் தங்கையும் பொறுக்கியது அந்த மேல் ஏக்கரைத்தான். கீழ் ஏக்கர் இன்று மனைப்பிரிவாகிவிட்டது. மாமா மனு கொடுத்திருக்கிறார். விசாரணையில் இருப்பதால் இதற்குமேல் எழுதுவது முறையன்று. எங்கள் குடும்பத்தின் கதை விதிவிலக்கானதும் அன்று. எங்கள் வீட்டு வரிசையிலேயே இதுபோல் சில கதைகள் உண்டு.

இத்தகைய நிலங்களை மீட்பதற்காகவே 1978ஆம் ஆண்டின் கர்நாடகப் பட்டியல் சாதிகள், பழங்குடிகள் சில நிலங்கள் கைமாற்றத் தடைச் சட்டம் வந்தது. 1979 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், வழங்கல் நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்றது. உதவி ஆணையர் நிலத்தை மீட்டு உரியவரிடம் ஒப்படைக்கலாம் என்றது. 1984இல் மஞ்சேகௌடா வழக்கில் உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் மனு செய்வதற்குக் காலவரம்பு எதையும் சட்டம் வகுக்கவில்லை. 2017இல் நெக்கந்தி ராமலட்சுமி வழக்கில், வரம்பு கூறப்படாவிட்டாலும் 'நியாயமான காலத்துக்குள்' வந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அத்தீர்ப்பைக் காட்டி ஏராளமான மனுக்கள் தள்ளப்பட்டன. நெடிய போராட்டத்துக்குப் பின் 2023இல் காலவரம்பு பொருந்தாது என்று சட்டம் திருத்தப்பட்டது. திருத்தத்துக்குப் பின்னும் காலதாமதம் பற்றிய வாதம் நீதிமன்றங்களில் ஓயவில்லை.

நான் சட்டம் பயின்றவன் அல்லன். ஆயினும் 'நியாயமான காலம்' என்ற சொற்றொடரின்மீது வரலாற்று மாணவனாக எனக்கு ஒரு வழக்கு உண்டு. அக்காலம் எங்கிருந்து எண்ணப்படுகிறது? விற்பனை நாளிலிருந்து. வாங்கியவர் எத்தனை ஆண்டுகள் அனுபவித்தார், எத்தனை ஆழ்துளைக் கிணறு தோண்டினார், எவ்வளவு செலவிட்டார் என்பதெல்லாம் அவர் பக்கத்து நியாயமாக எண்ணப்படுகின்றன. அவருக்கும் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஏமாற்றும் எண்ணமின்றி மூன்றாம் கை, நான்காம் கையாக வாங்கியவர்களும் இருக்கின்றனர். என் கேள்வி, தராசின் மறுதட்டில் ஏன் ஒன்றுமே வைக்கப்படுவதில்லை என்பதுதான். விற்பனைக்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகள் எந்தக் காலக்கணக்கில் சேரும்? வாங்கியவர் இட்ட வேலிக்கு ரசீது இருக்கிறது. அவர் வாங்கத் தகுந்த நிலமாக அதை ஆக்கியதற்கு ரசீது இல்லை. ஆகவே நீதிமன்றத்தின் முன் வருவது, அரசு இலவசமாகத் தந்த நிலத்தை விற்றுவிட்டு இருபது ஆண்டு உறங்கியபின் திரும்பக் கேட்கும் ஒருவரின் உருவம். அந்த 'இலவசம்' என்ற சொல்லைத்தான் நான் மறுக்கிறேன். அரசு தந்தது கல்லாங்காடு. நிலத்தைச் செய்தவர்கள் பெற்றவர்கள்தாம்.

பகர் ஹுகும் மனுக்களில் இதே சிக்கல் வேறு உருவில் நிற்கிறது. அரசு நிலத்தை அனுமதியின்றிப் பயிரிட்டு வந்தோர் படிவம் 57இல் முறைப்படுத்தக் கோரியுள்ளனர். 2005 ஜனவரி 1க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருந்திருக்க வேண்டும். உண்மையில் பயிர் இருந்ததா என்பதைச் சரிபார்க்க இப்போது செயற்கைக்கோள் படங்கள் பயன்படுத்தப்படுகின்றன. போலி மனுக்கள் ஏராளம் என்பதால் இதைக் குறைகூற முடியாது. ஆனால் செயற்கைக்கோளின் கண் தேடுவது பசுமையை. ஒரு குடும்பம் ஐந்தாண்டுகள் கல் பொறுக்கிக்கொண்டிருந்த சரிவு வானத்திலிருந்து பார்த்தால் தரிசாகவே தெரியும். 'வேலைக்கு முன்னாடி செய்யறது' என்று ஆயா கூறியது இங்கு வந்து நிற்கிறது.

அரசுக்கு இதை அளக்கத் தெரியாது என்று கூறவும் வழியில்லை. ஊரக வேலை உறுதித் திட்டத்தில் பட்டியல் சாதியினர் நிலங்களைச் சீர்செய்யும் பணிகளுக்கு இடமிருந்தது. ஒன்றுபட்ட ஆந்திரத்தில் கல் அகற்றும் பணிகளே அத்திட்டத்தில் எடுக்கப்பட்டு, கன அளவு பார்த்துக் கூலி வழங்கப்பட்டது. ஆகவே கல் பொறுக்குவது வேலைதான், அதற்கு அளவு உண்டு, விலையும் உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த அளவுகோலைப் பின்னோக்கிச் செலுத்த மட்டும் தயக்கம்.

உழைப்பு சொத்துரிமையைப் பிறப்பிக்கிறது என்ற வாதத்தை ஜான் லாக்கிடமிருந்து எடுத்துக்கொண்டு, இதை எளிதில் முடித்துவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். முடியாது. 1689இல் வெளிவந்த அதே நூலில், தன் வேலையாள் வெட்டிய புற்கரணும் தனக்கே உரியது என்று லாக் எழுதுகிறார். உழைப்பு உரிமையைத் தரும், ஆனால் வேலையாளின் உழைப்பு எசமானுக்கு உரிமையைத் தரும். ஆயாவின் கூடை எந்தப் பக்கம் விழும் என்று விளக்க வேண்டியதில்லை. நான் கேட்பது அதைவிடச் சிறியது. உரிமையை யாருக்கு வழங்குவது என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். அதற்கு முன் உழைப்பு நடந்தது என்பதைச் சாட்சியமாக ஏற்கட்டும். அந்தச் சாட்சியத்தைத் தேடித்தருவது ஆய்வாளர்களின் கடமை.

அதற்கு வழி உண்டு. சுவீடனில் காட்டுக்குள் கைவிடப்பட்ட பழைய வயல்களின் கற்குவியல்களைத் தொல்லியலாளர்கள் ஆவணமாகவே வாசிக்கின்றனர். குவியலின் அடியில் கிடைக்கும் கரித்துண்டுகளைக் கொண்டு அங்கு எப்போது நிலம் திருத்தப்பட்டது என்று கணிக்கின்றனர். அக்குவியல்களுக்குச் சட்டப் பாதுகாப்பும் உண்டு. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கல்வேலிகளைப் பற்றி ராபர்ட் தார்சன் 2002இல் ஒரு நூலே எழுதினார். அங்கெல்லாம் கல்லைப் பொறுக்கியவன் பெரும்பாலும் நிலத்துக்கு உரியவனாகவும் இருந்தான். எனவே அவர்கள் முறையை அப்படியே இங்குப் பெயர்த்து நடமுடியாது. இங்கு குவியலோடு வாய்மொழியையும் சேர்த்தே எடுக்க வேண்டும். யார் பொறுக்கினார், எந்தக் கொல்லையில், எத்தனை ஆண்டு, எந்தப் பயிருக்காக, அப்போது நிலம் யார் பெயரில் இருந்தது?

தங்கவயல் வட்டத்தில் அறுபது வயதைக் கடந்த பெண்களில் இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கின்றனர். குடியாத்தம், பேரணாம்பட்டு, குப்பம் பக்கத்திலும் இருப்பர். குவியல்களும் இன்னும் சில நிற்கின்றன, லாரி வரும்வரை. தை அறுவடைக்குப் பின், பங்குனி வெயில் ஏறுமுன், கொல்லைகள் வெறுமையாகக் கிடக்கும் வாரங்களில் குவியல்களை அளப்பது எளிது. ஒரு அளவுநாடா, குவியலின் நீளம், அகலம், உயரம், நின்ற இடத்தின் சர்வே எண், நான்கு பக்கமும் ஒரு புகைப்படம். அதோடு பொறுக்கியவர் யாரேனும் உயிரோடு இருந்தால் அவர் குரலில் அரைமணி நேரப் பதிவு. முதுகலை ஆய்வேடு ஒன்றுக்கு இது தாராளமாகப் போதும். மூன்று மாநில எல்லையில் உள்ள எந்தக் கல்லூரி மாணவரும் செய்யலாம். தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்றில் எதில் எழுதினாலும் சரி. கோரமண்டலில் தங்க இடமும் உணவும் எங்கள் வீட்டில் ஏற்பாடு செய்ய முடியும். நேர்காணலுக்குச் செல்வோர் கேள்விப்பட்டியலில் 'வேலை' என்ற சொல்லைப் போட்டுக் கேட்க வேண்டாம். கல்லைப் பற்றி நேரடியாகக் கேளுங்கள். கூட ஒரு பழைய கூடையையும் எடுத்துச் செல்லுங்கள், கையில் வாங்கியதும் எடையை அவர்களே சொல்வார்கள்.